பில்லிங் சர்வருக்கு உள்ளே எஸ்எஸ்டியா, வெளியே நாஸா? அளந்து, மாற்றி, கேபிளைப் பிடுங்கிப் பார்க்கும் வேலைப் பதிவு

காலை 10 மணி வரை ஒழுங்காக ஓடும் பில்லிங் மென்பொருள், கூட்டம் ஏறியதும் பில்லுக்கு ஐந்தாறு நொடி தொங்குகிறது. சர்வரின் பிராசஸர் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை, மெமரியில் பாதி காலி. இந்த அறிகுறிக்கு டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். உடனே இரண்டு யோசனைகள் மேசைக்கு வரும். சர்வருக்குள்ளேயே எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத ஃபிளாஷ் டிஸ்க்) போட்டுவிடலாம் என்பது ஒன்று. பெரிய நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் பொதுச் சேமிப்புப் பெட்டி) ஒன்றை வாங்கி எல்லா சர்வரையும் அதில் கட்டிவிடலாம் என்பது இன்னொன்று. இரண்டுமே சரியாக இருக்க முடியும், ஆனால் வேறு வேறு தரவுக்கு.

எடுத்துக்கொண்ட அமைப்பு பல ஊர்களில் பார்க்கக் கூடியது. 35 பேர் வேலை செய்யும் அலுவலகம், இரண்டு சர்வர். முதலாவதில் லினக்ஸும் 180 ஜிபி போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும். இரண்டாவதில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள் மேல் நான்கு விஎம் (ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்), அதோடு 5 டிபி பொதுக் கோப்புகள். முதல் சர்வரில் 7200 ஆர்பிஎம் சாட்டா ஹார்ட் டிஸ்க் நான்கு, ரெய்டு 5 (டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று போனாலும் தரவைக் காக்கும் முறை).

வாங்குவதற்கு முன் அளவு

டிஸ்க் சுமையை அளக்கும் ஐஓஸ்டாட்டை விரிவான பார்வையில், 10 நொடிக்கு ஒரு வரி என்று ஓடவிட்டுக் கோப்பில் சேமியுங்கள். ஒரு நாள் அளவு போதாது. ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதி என்று மாதக் கெடு இருக்கும் அலுவலகத்தில் உச்சச் சுமை அந்த நாட்களை ஒட்டித்தான் வரும். அவை விடுபட்ட அளவீட்டை நம்பி டிஸ்க் வாங்கக் கூடாது. படிப்பதற்கான காத்திருப்பு, எழுதுவதற்கான காத்திருப்பு, வரிசையில் நிற்கும் வேலைகளின் நீளம் ஆகிய மூன்றையும் பாருங்கள். கடைசியில் வரும் பயன்பாட்டு சதவீதம் ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் பொருந்தும். எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் பல வேலை செய்வதால் அங்கே 100 காட்டினாலும் நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை.

பழைய அமைப்பு ஏன் திணறுகிறது என்பதைப் பேனாவும் தாளும் வைத்தே சொல்லிவிடலாம். 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு 4.2, தலை நகர 8 முதல் 9. ஆக, ஒரு வேலைக்கு 13 மில்லிநொடி, நொடிக்கு 75 வேலை. நான்கு டிஸ்க் சேர்ந்து 300. ரெய்டு 5இல் ஒவ்வொரு சிறிய எழுதுதலுக்கும் பழைய தரவைப் படிக்க வேண்டும், பழைய பாரிட்டியை (இழந்த தரவை மீட்க உதவும் கூடுதல் தரவு) படிக்க வேண்டும், பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஒன்றுக்கு நான்கு. 300ஐ நான்கால் வகுத்தால் மீண்டும் 75. நான்கு டிஸ்க் போட்டும் எழுதும் திறன் ஒரே டிஸ்க்கின் அளவுக்கு வந்து நிற்கிறது.

இந்தக் குறையை ரெய்டு கார்டின் பேட்டரி கேஷ் (எழுத வந்ததைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் மெமரி) இத்தனை நாள் மறைத்திருக்கும். பேட்டரி செத்தால் கார்டு பாதுகாப்புக்காக கேஷை விட்டுவிட்டு நேராக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், சர்வர் ஒரே நாளில் படுத்துவிடும். ஆகவே பணம் செலவழிக்கும் முன் கார்டின் மேலாண்மைக் கருவியில் பேட்டரி நிலையைப் பாருங்கள். சில இடங்களில் ஒரு பேட்டரி மாற்றினாலே இந்தப் பதிவின் மீதி தேவைப்படாது.

அடுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதுகிறது? லினக்ஸ் கர்னல் வைத்திருக்கும் டிஸ்க் புள்ளிவிவரங்களில் எழுதிய செக்டார் எண்ணிக்கையை இன்றும் நாளையும் ஒரே நேரத்தில் குறித்து, கழித்து, 512ஆல் பெருக்குங்கள். 40 ஜிபி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கணினிக்கான சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு உத்தரவாதத்தில் சொல்லப்பட்ட எழுதும் ஆயுள் 600 டிபி. 40 ஜிபியால் வகுத்தால் 15,000 நாள், அதாவது 41 ஆண்டு. டேட்டாபேஸின் சிறுசிறு எழுதுதல்கள் உள்ளே ஐந்து மடங்கு பெருகினாலும் 8 ஆண்டு தாங்கும். ஆயுள் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் நாளொன்றுக்கு 3 முறை முழுதாக எழுதக்கூடிய விலையுயர்ந்த ரகத்தை வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் பணம் போடுகிறார்கள். வீட்டு எஸ்எஸ்டி சர்வருக்கு ஆகாது என்பது உண்மைதான். அதற்கான காரணம் வேறு.

கெபாசிட்டர் வரிசைதான் விலை

டேட்டாபேஸ் ஒவ்வொரு பில்லையும் முடிக்கும்போது, "இது டிஸ்க்கில் நிலையாக இறங்கிவிட்டதா" என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்கிறது. அந்தக் கேள்விக்குப் பெயர் எஃப்சிங்க். வீட்டு எஸ்எஸ்டி தரவை முதலில் தன் சிறு மெமரியில் வாங்கி வைக்கும். எஃப்சிங்க் வந்தால் ஃபிளாஷில் உண்மையாகவே எழுதி முடித்துத்தான் பதில் சொல்ல முடியும். அதற்கு ஒன்று முதல் பல மில்லிநொடிகள். டேட்டா சென்டர் ரக எஸ்எஸ்டியில் மின்சாரம் போனாலும் மெமரியில் இருப்பதை ஃபிளாஷில் இறக்கி முடிக்கும் அளவுக்குச் சக்தியைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் வரிசை இருக்கிறது. அதனால் மெமரியில் வாங்கியதுமே "இறங்கிவிட்டது" என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். சில பத்து மைக்ரோநொடிதான். பிஎல்பி என்று சொல்வது இதைத்தான்.

டப்பாவின் மேல் போட்டிருக்கும் 550 மெகாபைட் இரண்டு ரகத்துக்கும் ஒன்றுதான். எஃப்சிங்க் வேகத்தில் பத்து மடங்குக்கு மேல் வேறுபடும். வாங்கும்போது தயாரிப்பாளரின் தரவுத்தாளில் மின்தடைப் பாதுகாப்பு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். "பயணத்தில் இருக்கும் தரவையும் சேர்த்து" என்று இருக்க வேண்டும். ஏற்கெனவே எழுதியதை மட்டும் காப்பாற்றும் அரைப் பாதுகாப்பையும் அதே பெயரில் விற்கிறார்கள். எம்.2 வடிவில் 80 மில்லிமீட்டர் நீளக் குச்சிகளில் இது அரிது. 110 மில்லிமீட்டர் நீளத்தில் கிடைக்கும், ஆனால் பல மதர்போர்டுகளில் அந்த நீளத்துக்குத் திருகு இடம் இருக்காது.

யுபிஎஸ் இருக்கிறதே, பிஎல்பி எதற்கு என்று கேட்பார்கள். சர்வரின் பவர் சப்ளை எரிந்தாலும், யாராவது தவறான பிளக்கைப் பிடுங்கினாலும், யுபிஎஸ் பேட்டரியே செத்திருந்தாலும் யுபிஎஸ் உதவாது.

சோதிக்க, போஸ்ட்கிரஸோடு வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவியே போதும். வேறு கருவி வேண்டுமென்றால் எஃப்ஐஓவில் 4 கிலோபைட் அளவு, வரிசை ஆழம் 1, ஒவ்வொரு எழுதுதலுக்கும் ஒரு எஃப்சிங்க் என்று வையுங்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 முறைதான் சுற்றுகிறது, ஆகவே கேஷ் இல்லாமல் 120ஐத் தாண்ட வழியில்லை. வீட்டு எஸ்எஸ்டி சில நூறில் நிற்கும். பிஎல்பி உள்ளது ஆயிரக்கணக்கில் போகும். பேட்டரி இல்லாத வெறும் ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் காட்டினால் மகிழ வேண்டாம்: நடுவில் ஏதோ ஒன்று எழுதாமலேயே எழுதிவிட்டேன் என்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை அந்த இயந்திரத்தில் கணக்கு வைக்கக் கூடாது.

கேபிளின் கணக்கு

ஒரு கிகாபிட் நெட்வொர்க்கை எட்டால் வகுத்தால் 125 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்புகளும் போகக் கையில் வருவது 117 அளவில். ஒரே ஒரு சாட்டா எஸ்எஸ்டி இதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் தரும். நாஸுக்குள் நான்கு எஸ்எஸ்டி அடுக்கி ஒரு கிகாபிட் கேபிளில் இணைப்பது, கிணற்றில் நீர் பொங்க, மெல்லிய ஸ்ட்ராவால் உறிஞ்சுவது போல. இரண்டு கிகாபிட் போர்ட்டைச் சேர்த்துக் கட்டினால் 2 கிகாபிட் ஆகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. ஒரு இணைப்பின் தரவு ஒரு கேபிள் வழியாகத்தான் போகும். பல பேர் சேர்ந்து இழுக்கும்போதுதான் பயன் தெரியும்.

10 கிகாபிட் போட்டால் 1,100 மெகாபைட்டுக்கு மேல் வரும். ஆனால் பில்லிங்குக்கு மெகாபைட் முக்கியமில்லை, போய்வரும் நேரம்தான் முக்கியம். ஒரு எஃப்சிங்க் சர்வரிலிருந்து கிளம்பி, ஸ்விட்ச்சைத் தாண்டி, நாஸின் பிராசஸரில் வரிசையில் நின்று, அதன் ஃபைல் சிஸ்டம் வழியாக டிஸ்க்குக்குப் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். மொத்தம் 0.3 மில்லிநொடி ஆனால் ஒரு வரிசையில் நொடிக்கு 3,300. உள்ளேயே 0.05 மில்லிநொடி என்றால் 20,000. 3,300 பல அலுவலகங்களுக்குப் போதும் என்பதையும் மறைக்கக் கூடாது. நாஸ் மோசம் என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நாஸுக்குள் ஹார்ட் டிஸ்க் மட்டும் இருந்து, எஃப்சிங்க் நேர்மையாக மதிக்கப்பட்டால்தான் மறுபடி பழைய 100க்குள் விழுவோம்.

அப்போதுதான் ஒரு ஆபத்தான பொத்தான் கண்ணில் படும். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு முறை) பகிர்வில் ஏசிங்க், இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் சிங்க்கை முடக்குதல், சில நாஸ் திரைகளில் எழுதும் கேஷ்: மூன்றும் எழுதி முடிக்கும் முன்பே முடிந்தது என்று சொல்லவைப்பவை. அழுத்தினால் வேகம் பறக்கும். நாஸின் பவர் போனால், முடிந்தது என்று சொல்லி பில் அச்சடித்த கணக்குகள் காணாமல் போகும், விஎம்களின் ஃபைல் சிஸ்டம் நடுவில் கிழியும். வேகம் வேண்டுமென்றால் இசட்எஃப்எஸ் நாஸில் தனி எழுதுபதிவுச் சாதனமாக ஒரு பிஎல்பி எஸ்எஸ்டி போடுங்கள். அளவு பெரிதாக வேண்டாம். இசட்எஃப்எஸ் 5 நொடிக்கு ஒரு முறை குவியலை இறக்குகிறது. 10 கிகாபிட்டில் 5 நொடிக்கு 6 ஜிபி, இரண்டு குவியலுக்கு 12. ஆக 16 ஜிபி போதும், மீதி இடம் காலியாகவே இருக்கட்டும்.

பிரித்துக் கொடுத்தது

டேட்டாபேஸ் உள்ளே, பிஎல்பி எஸ்எஸ்டி இரண்டு, மிரர் (இரண்டிலும் ஒரே தரவு). இதில் பேரம் இல்லை. பொதுக் கோப்புகளும் பேக்கப்பும் நாஸில்.

விஎம்களுக்குத்தான் யோசிக்க வேண்டும். ஒரு சர்வர் இறந்தால் அடுத்த நிமிடம் இன்னொன்றில் எழ வேண்டும் என்றால் இரண்டு சர்வரும் பார்க்கும் பொதுச் சேமிப்பு தேவை. ஆனால் அப்போது அந்த நாஸ் நின்றால் இரண்டு சர்வரும் நிற்கும். இரட்டைக் கன்ட்ரோலர் உள்ள பெட்டி வாங்க இயலாத இடத்தில் இது பாதுகாப்பைக் குறைக்கிற மாற்றம். 15 நிமிடத் தரவு போனால் பரவாயில்லை என்றால் இரண்டு சர்வரிலும் ப்ராக்ஸ்மாக்ஸையும் உள் எஸ்எஸ்டியில் இசட்எஃப்எஸ்ஸையும் வைத்து, ப்ராக்ஸ்மாக்ஸின் நகல் வசதியை 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்ற அதன் இயல்பு அட்டவணையிலேயே ஓடவிடலாம். 35 பேர் அலுவலகத்துக்கு இரண்டாவதையே பரிந்துரைப்போம். அதற்காக இரண்டு சர்வரிலும் ஒரே பொருள்.

வாங்க வேண்டியவை: 960 ஜிபி பிஎல்பி சாட்டா எஸ்எஸ்டி நான்கு, சர்வருக்கு இரண்டு வீதம். சர்வர் மாடலுக்குப் பொருந்தும் ட்ரே நான்கு. 3.5 அங்குல இடத்தில் 2.5 அங்குல டிஸ்க் வைக்கும் அடாப்டர் என்றால், கனெக்டர் 3.5 அங்குல டிஸ்க்கின் அதே இடத்தில் வரும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் பின் பலகையைத் தொடாது. நாஸுக்கு 8 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு, சிஎம்ஆர் (எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத ரகம்) என்று உறுதியாகத் தெரிந்த மாடல். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 2 முதல் 6 டிபி ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் (தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஏறும் ரகம்) என்று ஒப்புக்கொண்டது நினைவிருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க் மறுகட்டமைப்பின்போது திணறி, ரெய்டிலிருந்தே தூக்கி எறியப்படலாம். 10 கிகாபிட் கார்டு இரண்டு, 3 மீட்டர் டாக் கேபிள் (இரு முனையிலும் கனெக்டரோடு வரும் செப்புக் கேபிள்) இரண்டு.

ஸ்விட்ச் வாங்கவில்லை. நாஸில் இரண்டு 10 கிகாபிட் போர்ட் இருந்தால் சர்வருக்கு ஒன்று என்று நேராகவே சொருகலாம். இரண்டுக்கும் வேறு வேறு ஐபி வரிசை கொடுக்க வேண்டும். ஒரே வரிசை கொடுத்தால் ஒரு போர்ட்டில் வந்த கேள்விக்கு இன்னொரு போர்ட்டில் பதில் போய் இணைப்பு தடுமாறும்.

பொருத்துதல்

பேக்கப் எடுத்து, அதை வேறொரு இயந்திரத்தில் மீட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர்.

புது எஸ்எஸ்டியில் தரவு ஏறுவதற்கு முன் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு. 2019 நவம்பரில் எச்பிஇ வெளியிட்ட எச்சரிக்கையை மறக்கக் கூடாது: சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் தரவோடு செத்துவிடும், ஃபர்ம்வேர் மாற்றினால்தான் தப்பும். 2020இல் 40,000 மணி நேரத்தில் அதே கதி என்று இன்னொரு அறிவிப்பு. மிரரில் இருக்கும் இரண்டும் ஒரே நாளில் ஏற்றியவை என்றால் இரண்டும் ஒரே மணி நேரத்தில் போகும், மிரர் எதையும் காப்பாற்றாது. அதனால்தான் ஒரு ஜோடியில் இரண்டும் வேறு தயாரிப்பாக, குறைந்தது வேறு பேட்ச்சாக இருக்க வேண்டும்.

பார்ட்டிஷன் 1 மெபிபைட்டில் தொடங்கட்டும். ரெய்டு கார்டு வழியாகப் போனால், அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை டிஸ்க்குக்குப் போய்ச் சேராமல் இருக்க வாய்ப்பு அதிகம், 10 சதவீத இடத்தைப் பார்ட்டிஷனே போடாமல் விடுங்கள். லினக்ஸ் மென்பொருள் ரெய்டு என்றால் வாராந்திர ட்ரிம் டைமரை இயக்கினால் போதும். டேட்டாபேஸ் நகர்ந்ததும் போஸ்ட்கிரஸில் தற்செயல் பக்கச் செலவு என்ற அமைப்பை 4இலிருந்து 1.1க்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் போஸ்ட்கிரஸின் திட்டமிடும் பகுதி இன்னும் சுழலும் டிஸ்க் என்று நினைத்து இன்டெக்ஸைத் தவிர்க்கும். வேகம் போதவில்லை என்று எஃப்சிங்க்கை மட்டும் அணைக்காதீர்கள்.

நாஸ் பக்கம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 வைத்தால், 8,972 பைட் பிங்கைத் துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்பிப் பாருங்கள். 9000இல் தலைப்புகளுக்கு 28 போக மீதி அது. ஒரு முனையில் மட்டும் 9000 இருந்தால் அறிகுறி விசித்திரமாக இருக்கும்: உள்நுழைவு வேலை செய்யும், சின்ன கோப்பு திறக்கும், பெரிய கோப்பு தொடங்கியதும் உறையும். பிறகு நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3. 9.4 முதல் 9.9 கிகாபிட் வர வேண்டும். 3, 4இல் நின்றால் கார்டை எந்த ஸ்லாட்டில் சொருகினீர்கள் என்று பாருங்கள். ஒற்றைப் பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ் 2 ஸ்லாட் 500 மெகாபைட்டுக்கு மேல் தராது.

நாஸின் இடத்தை சர்வருக்குச் சொந்த டிஸ்க் போலக் காட்டும் ஐஸ்கஸி பயன்படுத்தினால், ஒரு லன்னை (அப்படிக் காட்டப்படும் டிஸ்க்கை) ஒரே சர்வருக்கு மட்டும் திறக்கும்படி நாஸிலேயே பூட்டுங்கள். ஈஎக்ஸ்டி4 அல்லது என்டிஎஃப்எஸ் உள்ள ஒரே லன்னை இரண்டு சர்வர் ஏற்றினால், ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது, தரவு சிதையும். பொதுக் கோப்புகளுக்கு என்எஃப்எஸ், எஸ்எம்பி இருக்கும்போது ஐஸ்கஸி தேவையே இல்லை.

மின்தடைக்குப் பிறகு வரும் பத்து நிமிடம்

இங்கேதான் அதிக இடங்களில் தவறு நடக்கிறது. மின்சாரம் திரும்பியதும் சர்வர் இரண்டு மூன்று நிமிடத்தில் எழுந்துவிடும், நாஸ் இன்னும் டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். மவுன்ட், அதாவது நாஸின் இடத்தை சர்வரின் ஒரு ஃபோல்டரில் இணைப்பது, தோற்கும். மவுன்ட் ஆக வேண்டிய இடத்தில் ஒரு காலி ஃபோல்டர் இருக்கும். கோப்புப் பகிர்வு சேவை அதையே அலுவலகத்துக்குத் திறந்துவிடும். "கோப்பெல்லாம் போச்சு" என்று ஒரு பக்கம் பதற்றம், இன்னொரு பக்கம் புதிதாகச் சேமித்தவை சர்வரின் சிஸ்டம் டிஸ்க்கில் இறங்கும். மதியம் யாராவது நாஸை மவுன்ட் செய்ததும் அந்தப் புதுக் கோப்புகள் மறைந்துவிடும். அவை அழியவில்லை, மவுன்ட்டுக்கு அடியில் கிடக்கின்றன.

இதற்கு மூன்று பூட்டு. மவுன்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டரை சேட்டர் கட்டளையால் மாற்றவே முடியாததாக ஆக்குங்கள். மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் நெட்வொர்க்குக்குக் காத்திருக்கும் குறியைப் போட்டு, சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியில் பகிர்வுச் சேவை இந்த மவுன்ட் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று கட்டுங்கள். பயாஸில் மின்சாரம் வந்த பிறகு எழும் தாமதத்தைக் கூட்டுங்கள்.

அணையும் வரிசை தலைகீழ். முதலில் சர்வர்கள், கடைசியில் நாஸ். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளை நாஸில் சொருகி, யுபிஎஸ் நிலையை மற்ற இயந்திரங்களுக்குச் சொல்லும் நட் மென்பொருள் வழியாக சர்வர்கள் அதைக் கேட்கும்படி அமைப்பது எளிது. ஆனால் சர்வருக்கு அந்தச் செய்தி போகும் அலுவலக ஸ்விட்ச் யுபிஎஸ்ஸில் இருக்கிறதா? ஸ்விட்ச் சாதாரணச் சுவர் பிளக்கில் இருந்தால் செய்தி போகவே போகாது. எட்டு வாட் ஸ்விட்ச்சை மறந்ததால் மொத்த ஏற்பாடும் வீணாகும்.

பிடுங்கிப் பார்த்தல்

எஃப்ஐஓ சுமையோடு ஓடும்போது மிரரில் ஒரு எஸ்எஸ்டியை இழுங்கள். சேவை நிற்கக் கூடாது, மின்னஞ்சல் எச்சரிக்கை வர வேண்டும். மின்னஞ்சல் வரவில்லை என்றால் சோதனை தோல்வி, ரெய்டு தாங்கியிருந்தாலும். திரும்பச் செருகி மறுகட்டமைப்பைக் கணக்கிடுங்கள்: 960 ஜிபி, நொடிக்கு 450 மெகாபைட்டில் 36 நிமிடம். நாஸின் 8 டிபி டிஸ்க், 180 மெகாபைட்டில் 12 மணி நேரத்துக்கு மேல், அதுவும் யாரும் வேலை செய்யாமல் இருந்தால். அந்த நீண்ட இரவில் இரண்டாவது டிஸ்க் போனால் ரெய்டு 5இல் எல்லாம் போகும். அதனால் நாஸில், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6.

அடுத்து 10 கிகாபிட் கேபிளை 60 நொடி பிடுங்கிச் செருகுங்கள். என்எஃப்எஸ்ஸை ஹார்ட் முறையில் ஏற்றியிருந்தால் நிரல்கள் உறைந்து நின்று பிறகு தொடரும். சாஃப்ட் முறையில் பாதிக் கோப்பும் பிழைச்செய்தியும் மிஞ்சும். ஐஸ்கஸி ஒற்றைப் பாதையில் காத்திருப்பு இயல்பாக 120 நொடி. நடுவில் ஸ்விட்ச் வைத்திருந்து, அது மீண்டும் எழ அதைவிட நேரமெடுத்தால் ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும், 180ஆகக் கூட்டுங்கள். இரட்டைப் பாதை இருந்தால் மாறாக 5 முதல் 15க்குள் குறைக்க வேண்டும்.

நாஸில் மணிக்கொரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) வையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் சர்வர் எதிலும் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது. பேக்கப்பை நாஸ் வந்து எடுத்துக்கொள்ளட்டும், சர்வர் போய்க் கொடுக்க வேண்டாம். ரான்சம்வேர் சர்வரைப் பிடித்தால் அதற்கு எழுதும் உரிமை உள்ள இடமெல்லாம் போகும்.

கழற்றிய பழைய நான்கு ஹார்ட் டிஸ்க்கிலும் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று எண் ஒட்டி, ஒரு முழு ஜிஎஸ்டி மாதம் முடியும்வரை அழிக்காமல் பீரோவில் வையுங்கள். அதே பீரோவில், பயன்படுத்திய எஸ்எஸ்டியைக் காப்பகமாக வைக்காதீர்கள். ஆயுள் தீர்ந்த சர்வர் ரக எஸ்எஸ்டிக்கு ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பின் தரம் கேட்பது 40 டிகிரி வெப்பத்தில், மின்சாரம் இல்லாமல், 3 மாதம் தரவைக் காக்க வேண்டும் என்பது மட்டுமே. ஏப்ரல், மே மாதத்தில் ஏசி இல்லாத அறையின் இரும்பு பீரோ அந்த 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும்.